தவக்காலத்தில் மீனின் இடத்தைப் பயறு பிடிக்கட்டும்

இலத்தீன் முறைக் கத்தோலிக்கரில் 14 வயது நிறைந்தவர்கள் தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனன்றும் தவக்கால வெள்ளிக்கிழமைகளிலும் இறைச்சியை விலக்க வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். மீன், முட்டை, பால் ஆகியவற்றை அந்தச் சட்டம் தடுக்கவில்லை. ஆனால் கன்னியாகுமரி மாவட்டத்தில் மக்கள் தாமாகவே அதைக் கடந்து செல்கிறார்கள். குளச்சல், முட்டம் போன்ற கடற்கரை ஊர்களிலிருந்து மார்த்தாண்டம், அருமனை வரை எத்தனையோ வீடுகளில் நாற்பது நாளும் மீன்சட்டி அடுப்பில் ஏறுவதில்லை. கத்தோலிக்கரின் கீழை முறைகளான சீரோ மலங்கரை, சீரோ மலபார் முறைகளைச் சேர்ந்த குடும்பங்களில் ஐம்பது நாள் நோன்பு இருந்து பாலையும் முட்டையையும் சேர்த்து விலக்குவோர் உண்டு. தென்னிந்தியத் திருச்சபையினரிலும் லெந்து எனப்படும் தவக்கால நாட்களில் மீனும் இறைச்சியும் தொடாதவர்கள் பலர். உணவியல் ஆலோசகராக இந்தக் கட்டுப்பாட்டை நான் மதிக்கிறேன். மீன் போன இடத்தில் எதுவும் வந்து சேராமல் போவதுதான் என் கவலை.

இறைச்சி இந்த மாவட்டத்துச் சாதாரண வீடுகளில் ஞாயிற்றுக்கிழமைக்கும் விருந்துக்கும் உரியது. அன்றாடம் சோற்றோடும் கிழங்கோடும் வருவது சாளை, நெத்தோலி, அயிலை போன்ற மலிவான மீன்களே. ஆகவே பிற மாவட்டங்களில் இறைச்சியை நிறுத்துவதால் தட்டில் பெரிய மாற்றம் ஏற்படாமல் இருக்கலாம். இங்கே மீனை நிறுத்தினால் குடும்பத்தின் முக்கியமான புரத வரவே நின்றுவிடுகிறது. தவக்காலத்தின் நடுவில் ஆலோசனைக்கு வருபவர்களிடம் முந்தைய நாள் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால், பெரும்பாலும் ஒரே பதில் வருகிறது: காலையில் தோசை, மதியம் சோறும் ரசமும் பப்படமும் ஊறுகாயும், மாலையில் சாயாவோடு ஏத்தம்பழ (நேந்திரம்பழ) பச்சி, இரவில் மீண்டும் சோறு. மீனை விட்டுவிட்டோம் என்ற மனநிறைவோடு அவர்கள் இதைச் சொல்கிறார்கள். ஆனால் அந்த நாள் முழுவதும் அவர்கள் உண்டது அரிசியும் எண்ணெயும் உப்பும்தான். நோன்பு இருந்தும் எடை கூடுவதற்கும், சர்க்கரை ஏறுவதற்கும், பிற்பகலில் கை கால் ஓய்ந்து போவதற்கும் காரணம் இந்தத் தட்டிலேயே இருக்கிறது. வீட்டில் எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் ரசத்தை மட்டும் ஊற்றிச் சாப்பிடும் பெண்களிடம் இந்தக் குறை கூடுதலாகத் தெரிகிறது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி, ஒருவருக்கு உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் தேவை. 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு அது ஏறத்தாழ 46 கிராம். 100 கிராம் மீனில் அதில் ஐந்தில் இரண்டு பங்குக்கு அருகில் கிடைத்துவிடும். அதே அளவு மரச்சீனிக் கிழங்கில், அதாவது மரவள்ளிக் கிழங்கில், கிடைப்பது 1 கிராம் அளவே. சிறுபயறு (பாசிப்பயறு), பெரும்பயறு (தட்டைப்பயறு), காணம் (கொள்ளு), துவரம்பருப்பு, உளுந்து எதை எடுத்தாலும் 100 கிராமில் 20 கிராமுக்கு மேல் புரதம் உண்டு. எனவே ஒரு வேளைக்கு ஒருவருக்கு 50 கிராம், அதாவது ஒரு கை நிறையப் பயறு என்று வைத்துக்கொண்டால், இரண்டு முட்டைக்குச் சற்றுக் குறைவான புரதம் கிடைக்கும். நாம் வைக்கும் சாம்பாரில் ஒருவர் பங்குக்கு வருவது பல வீடுகளில் இதில் கால் பங்குகூட இருக்காது. சாம்பார் வைத்தோம், ஆகவே பருப்பு சேர்ந்துவிட்டது என்று எண்ணிக்கொள்வதை நான் ஏற்பதில்லை.

மரச்சீனிக் கிழங்கைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் நோன்பு நாட்களில் வயிறு நிறைவதற்கு நாம் முதலில் நாடுவது அதைத்தான். 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா ஊக்குவித்துப் பரப்பிய இந்தப் பயிர், பஞ்சக் காலங்களில் நம் முன்னோரைக் காப்பாற்றியது. அதைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. ஆனால் கிழங்கில் லினமரின் என்ற இயற்கைப் பொருள் உண்டு. அது சிதையும்போது சிறிதளவு சயனைடு உண்டாகும். அந்தச் சயனைடைத் தீங்கற்ற தயோசயனேட்டாக மாற்றிச் சிறுநீரில் வெளியேற்றுவதற்கு உடலுக்குக் கந்தகம் தேவை, அந்தக் கந்தகம் புரதத்திலிருந்து வருகிறது. தயோசயனேட்டு அளவு மீறினால் தைராய்டு சுரப்பி அயோடினை எடுத்துக்கொள்வதைத் தடுக்கும். கடல்மீனில் புரதமும் உண்டு, அயோடினும் உண்டு. கிழங்கும் சாளைக்கறியும் என்று நம் வீடுகளில் அமைந்த இணை நாவுக்கு மட்டும் பொருந்திய இணையாக இருக்கவில்லை என்பது இதிலிருந்து விளங்கும். மீனை எடுத்துவிட்டு, கிழங்கை மட்டும் மிளகாய்த் துவையலோடு நாற்பது நாளும் மாலைதோறும் உண்பது நல்ல பழக்கமாகாது. கிழங்கு வேண்டுமென்றால் தோலை முழுவதும் நீக்கி, நிறையத் தண்ணீர் ஊற்றித் திறந்த பாத்திரத்தில் வேகவைத்து, அந்தத் தண்ணீரை முழுவதும் வடித்துவிட வேண்டும். பிறகு, வேகவைத்த பெரும்பயற்றைக் கிழங்கின் அளவில் பாதிக்குக் குறையாமல் சேர்த்து, தேங்காய், சீரகம், பூண்டு, பச்சைமிளகாய் அரைத்துப் போட்டு மசித்து எடுத்தால், அது ஒரு வேளைக்கு முழுமையான உணவு. சமையலுக்கு அயோடின் சேர்த்த உப்பையே பயன்படுத்துங்கள்.

நேரம் இல்லை என்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது கஞ்சியும் பயறும்தான். நான்கு பேருக்கு 200 கிராம் சிறுபயற்றை ஊறவைக்காமலே கழுவிக் குக்கரில் போட்டு மூன்று நான்கு விசில் விட்டால் வெந்துவிடும். இன்னொரு அடுப்பில் சம்பா அரிசிக் கஞ்சியை வைத்துவிட்டு, தேங்காய், சீரகம், இரண்டு பல் பூண்டு, காந்தாரி மிளகாய் ஆகியவற்றை ஒன்றிரண்டாகச் சதைத்துப் பயற்றில் சேர்த்து, கடுகும் கறிவேப்பிலையும் தாளித்தால் வேலை முடிந்தது. பெரிய வெள்ளியன்று பல ஊர்களில் கோயில் வளாகத்தில் காய்ச்சி ஊற்றும் அதே கஞ்சியும் பயறும்தான் இது. அதை அந்த ஒரு நாளோடு நிறுத்திக்கொள்ளாமல் தவக்காலம் முழுவதும் வாரத்தில் மூன்று இரவுகளுக்காவது வைத்துக்கொள்ளும்படி நான் வற்புறுத்துகிறேன். பயறு கறியாகத் தொட்டுக்கொள்ளும் அளவில் இராமல், கிண்ணம் நிறைய இருக்க வேண்டும் என்பதே இதில் என் ஒரே நிபந்தனை.

வேலைக்குச் செல்வோர் ஒரே குக்கரில் முடிக்கக்கூடியது உளுந்தஞ்சோறு. இரண்டு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு கறுப்புத்தோல் உளுந்தம்பருப்பை வாசனை வர வறுத்து, பத்துப் பல் பூண்டு, சிறிது வெந்தயம், சீரகம், துருவிய தேங்காய், உப்பு எல்லாவற்றையும் சேர்த்துக் குழைய வேகவிட்டால் போதும். அதற்கு எள்ளுத் துவையல் நல்ல துணை. எள்ளில் சுண்ணாம்புச் சத்தும் மிகுதி. காணத்தை வறுத்து, வற்றல் மிளகாய், புளி, தேங்காய், பூண்டு சேர்த்து அரைக்கும் துவையலைப் பத்து நிமிடத்தில் செய்துவிடலாம். பழங்கஞ்சிக்கு ஊறுகாய்க்குப் பதிலாக இதை வைத்தால் உப்பும் குறையும், புரதமும் சேரும்.

சோயா உருண்டைகளை ஏனோ நம் வீடுகளில் குழந்தைகளுக்கான பண்டமாகவே பார்க்கிறார்கள். 100 கிராமில் ஏறத்தாழ 50 கிராம் புரதம் உள்ள பொருள் அது. 50 கிராம் உருண்டைகளை வெந்நீரில் போட்டுப் பிழிந்து, வறுத்தரைத்த தேங்காய் மசாலாவில் தீயலாக வைத்தால் இருவருக்குத் தாராளமாகப் போதும். இறைச்சி போல் மசாலா போட்டு உண்பது நோன்பின் கருத்துக்கு ஒத்ததா என்று சிலர் என்னிடம் கேட்பதுண்டு. அதற்கு விடை சொல்ல வேண்டியவர் அவரவர் பங்குத்தந்தை. காய்கறிக்கு வைக்கும் தீயலில் அந்தக் கேள்விக்கு இடமே இல்லை என்பதால் நான் தீயலைச் சொல்கிறேன்.

செலவைப் பொறுத்தவரை, ரேஷன் கடையில் 30 ரூபாய்க்குக் கிடைக்கும் 1 கிலோ துவரம்பருப்பை வாங்காமல் விடும் குடும்பங்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அதில் 200 கிராம், அதாவது 6 ரூபாய்ப் பருப்பு, வீட்டு முற்றத்து முருங்கைக்கீரை இரண்டு கைப்பிடி, சின்ன உள்ளி, தேங்காய் ஆகியவற்றைக் கொண்டு நான்கு பேருக்குக் கெட்டியான பருப்புக்கறி வைத்துவிடலாம். மீன் வாங்காமல் மிச்சமாகும் பணத்தில் ஒரு பகுதியை மாதத் தொடக்கத்திலேயே வடசேரியிலோ கருங்கலிலோ சந்தைக்குப் போகும்போது பயறு வகைகளுக்கு ஒதுக்கிவிடுவது நல்லது. கடலை, பெரும்பயறு போன்றவற்றை இரண்டு நாளுக்குச் சேர்த்து இரவில் ஊறவைத்து, ஒரே முறையாக வேகவைத்துக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால், காலையில் புட்டுக்குக் கடலைக்கறியும் மறுநாள் துவரனும் (தேங்காய் சேர்த்த பொரியல்) விரைவில் தயாராகும், எரிவாயுவும் மிச்சப்படும்.

தவக்காலம் சக்கைக் காலத்தோடு, அதாவது பலாக் காலத்தோடு, சேர்ந்தே வருகிறது. பிஞ்சுப் பலாவில் செய்யும் இடிச்சக்கைத் துவரன் பார்வைக்கும் மெல்லுவதற்கும் இறைச்சியை ஒத்திருப்பதால் அதுவே மாற்று என்று பலர் நம்புகிறார்கள். அதில் நார்ச்சத்து உண்டு, மலச்சிக்கலுக்கு நல்லது. புரதமோ மிகக் குறைவு. காளானும் அப்படியே. இவற்றைத் துணைக்கறியாக வைத்துக்கொண்டு, பயற்றை அதன் இடத்திலேயே விடுங்கள். முருங்கைக்கீரையிலும் பயற்றிலும் உள்ள இரும்புச்சத்து மீனில் உள்ளதைப் போல எளிதில் உடலில் சேராது. சாப்பிடும்போது எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காய்த் துண்டோ சேர்த்தால் கூடுதலாகச் சேரும். சாப்பாடு முடிந்த கையோடு சாயா குடித்தால் அந்தப் பயனில் பெரும்பகுதி வீணாகும். ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள். இரத்தசோகை உள்ள பெண்களுக்கு இது மிக முக்கியம்.

பி12 வைட்டமின் தாவர உணவில் கிடைக்காது. கல்லீரலில் அது நீண்ட காலத்துக்குச் சேமிக்கப்படுவதால், மற்ற நாட்களில் மீன் உண்டு வருபவருக்கு நாற்பது ஐம்பது நாளில் குறைபாடு வந்துவிடும் என்று அஞ்சத் தேவையில்லை. தயிரையும் மோரையும் விலக்காதவர்கள் ஏத்தங்காய்ப் புளிசேரி போன்றவற்றை வாரம் இருமுறை வைக்கலாம். சர்க்கரை நோய்க்குப் பல ஆண்டுகளாக மெட்ஃபார்மின் மாத்திரை உட்கொள்பவர்கள், முதியவர்கள், கருவுற்ற பெண்கள் ஆகியோர் பாலையும் சேர்த்து விலக்குவதற்கு முன் மருத்துவரைக் கலந்துகொள்ள வேண்டும். 14 வயது நிறையாத பிள்ளைகளுக்குச் சுத்தபோசனச் சட்டமே, அதாவது இறைச்சி விலக்கும் சட்டமே, இல்லை என்பதால், அவர்கள் தட்டிலிருந்து முட்டையை எடுத்துவிடாதீர்கள்.

ஒருசந்தி, அதாவது ஒரு வேளை மட்டும் முழு உணவு உண்ணும் நோன்பு இருப்பதைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். திருநீற்றுப் புதனுக்கும் பெரிய வெள்ளிக்கும் உரிய அந்தக் கடமை, 18 வயது நிறைந்தவர்களிலிருந்து 60ஆம் வயதைத் தொடங்காதவர்கள் வரைக்கும்தான். நோயாளிகளுக்கு விலக்கு உண்டு. ஆயினும் 70 வயதைக் கடந்த பாட்டிமார் இன்சுலின் போட்டுக்கொண்டு, பிற்பகல் 3 மணி வழிபாடு முடியும் வரை பச்சைத் தண்ணீரோடு இருப்பதை நான் அறிவேன். இன்சுலினோ, கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுத்துக்கொண்டு உணவைத் தவிர்த்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். அந்த இரு நாட்களுக்கும் ஒரு வாரம் முன்னதாகவே மருத்துவரிடம் சென்று மருந்தின் அளவையும் நேரத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். நீங்களாகவே நிறுத்தவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். கோயிலுக்குப் போகும்போது வீட்டில் ஒருவரிடமாவது ஒருசந்தி இருப்பதைச் சொல்லி, பையில் சர்க்கரைப் பொட்டலம் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். வேர்த்து, கை நடுங்கி, நெஞ்சு படபடத்தால், அல்லது கருவியில் 70க்குக் கீழே காட்டினால், மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து உடனே குடித்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதித்துப் பாருங்கள். அளவு ஏறாவிட்டால் மறுபடியும் அவ்வாறே குடிக்க வேண்டும். ஏறியதும் கஞ்சியும் பயறும் சாப்பிட்டுவிட்டு, சற்று ஓய்ந்த பிறகு வழிபாட்டுக்குத் திரும்பலாம். மயங்கிவிட்டவர் வாயில் எதையும் ஊற்றாமல், அவரைப் பக்கவாட்டில் படுக்கவைத்து 108ஐ அழையுங்கள்.