அம்புக்குறிக்கு ஒரு வினைச்சொல்

இணையத்தில் ஒரு பொருள் வாங்குகிறீர்கள். 'பணம் செலுத்து' பொத்தானை அழுத்தியதும் திரையில் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அரை நிமிடம் கழித்து 'ஏதோ கோளாறு, மீண்டும் முயலவும்' என்று வருகிறது. மறுபடி அழுத்துகிறீர்கள், ஆர்டர் பதிவாகிவிடுகிறது. அப்புறம் கணக்கைப் பார்த்தால் பணம் இரண்டு முறை போயிருக்கிறது.

இந்தப் பிழையை நிரலில் தேடினால் லேசில் அகப்படாது. பொத்தானுக்கான நிரல் சரி: தோல்வி என்றால் மீண்டும் முயலச் சொல்கிறது. சர்வரின் நிரலும் சரி: 30 விநாடிக்குள் பதில் வராவிட்டால் காத்திருப்பதைக் கைவிடுகிறது. பணம் வசூலிக்கும் பேமென்ட் கேட்வேயும் சரிதான்: எடுக்கச் சொன்னார்கள், எடுத்தது. மூன்றையும் தனித்தனியே படித்தால் எதிலும் குற்றம் சொல்ல முடியாது. பிழை இருப்பது அவற்றுக்கு நடுவில்.

சரி, ஒரு காகிதத்தை எடுத்துச் செங்குத்தாக மூன்று கோடுகள் போடுங்கள். செயலி, சர்வர், கேட்வே. நேரம் மேலிருந்து கீழே ஓடுகிறது. செயலியிலிருந்து சர்வருக்கு ஓர் அம்பு: 'பணம் கட்டு'. சர்வரிலிருந்து கேட்வேக்கு இன்னொன்று: 'இந்தத் தொகையை எடு'. கேட்வே எடுத்துவிட்டது, பதிலும் அனுப்பியது. அந்தப் பதில் வழியில் தொலைந்துபோனது. அதைப் பாதியில் அறுந்த அம்பாக வரையுங்கள். அதற்குக் கீழே சர்வர் பொறுமை இழக்கிறது, செயலி மன்னிப்புக் கேட்கிறது, பயனர் மறுபடி அழுத்துகிறார். இப்போது கேட்வேயின் கோட்டைப் பாருங்கள்: 'எடு' என்ற அம்பு இரண்டு முறை வந்து குத்தியிருக்கிறது. தீர்வும் அங்கேயே தெரிகிறது. இரண்டு அம்புகளிலும் ஒரே அடையாள எண்ணைச் சேர்த்து அனுப்பினால், கேட்வே இரண்டாவதைப் பார்த்ததும் 'இதை ஏற்கெனவே முடித்துவிட்டேன்' என்று சொல்லிவிடும்.

இதன் பெயர் சீக்வென்ஸ் டயகிராம். தொலைத்தொடர்புத் துறையினர் இயந்திரங்களுக்கு இடையிலான உரையாடலை விவரிக்கப் பயன்படுத்திய படத்திலிருந்து வளர்ந்தது.

படத்தில் இல்லாத எதையும் நிரல் மறைத்து வைக்கவில்லை. பிறகு ஏன் படத்தில் மட்டும் கண்ணில் படுகிறது? 1987இல் ஜில் லார்கின், ஹெர்பர்ட் சைமன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதைத்தான் ஆராய்ந்தார்கள். ஒரே தகவலை எழுத்திலும் சொல்லலாம், படத்திலும் சொல்லலாம். ஆனால் அதிலிருந்து ஒரு விடையைத் தேடி எடுக்க மூளை படும் பாடு ஒன்றல்ல என்பது அவர்கள் வாதம். எழுத்தில் தகவல் ஒன்றன் பின் ஒன்றாக நிற்கிறது. படத்தில், ஒன்றோடொன்று தொடர்புள்ளவை பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. மூன்று கோப்புகளில் சிதறிக் கிடந்ததை நினைவில் சுமக்கும் வேலையைக் காகிதம் வாங்கிக்கொள்கிறது. நாம் ஒரே நேரத்தில் மனத்தில் பிடித்து வைக்கக்கூடியவை நாலைந்துதான் என்பதால் இது சின்ன உதவி இல்லை.

அதே ஆர்டரை இன்னொரு விதமாகவும் வரையலாம். இப்போது கேள்வி வேறு: ஓர் ஆர்டர் எந்தெந்த நிலைகளில் இருக்க முடியும்? 'பணத்துக்குக் காத்திருக்கிறது', 'பணம் வந்தது', 'அனுப்பியாயிற்று', 'ரத்து' என நான்கு பெட்டிகள். ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்கு எது நடந்தால் போகும் என்பது அம்பு. இது ஸ்டேட் டயகிராம். வரைந்து முடித்ததும் ஒவ்வொரு பெட்டியிலும் விரலை வைத்து, நடக்கக்கூடிய எல்லாவற்றையும் கேட்டுப் பார்க்க வேண்டும். 'ரத்து' பெட்டியில் விரல் இருக்கும்போது, தாமதமாக வரும் 'பணம் கிடைத்தது' என்ற செய்திக்கு என்ன பதில்? அம்பே இல்லை. பயனர் காத்திருந்து சலித்து ரத்து செய்த பிறகு பணம் வந்து சேர்ந்தால் அதைத் திருப்பித் தருவதா, ஆர்டரை உயிர்ப்பிப்பதா என்று யாரும் முடிவு செய்யவே இல்லை. எனக்கு இந்தப் படத்தின் மேல் தனிப் பிரியம் உண்டு. என்ன இருக்கிறது என்பதை எல்லாப் படமும் காட்டும். என்ன இல்லை என்பதை இவ்வளவு அப்பட்டமாகக் காட்டுவது இதுதான்.

நிலைகள் பெருகினால் இந்தப் படம் திணறும். ஒன்றையொன்று சாராத பத்து சுவிட்சுகள் இருந்தால் மொத்தம் 1,024 நிலைகள். அத்தனை பெட்டிகளை யார் வரைவது? 1980களின் தொடக்கத்தில் ஒரு போர் விமானத்தின் கட்டுப்பாட்டு மென்பொருளுக்கு ஆலோசகராக இருந்த கணினி அறிவியலாளர் டேவிட் ஹாரெல் இதற்கு வழி கண்டார். பெட்டிக்குள் பெட்டி வைக்கலாம். ஒரே நேரத்தில் இயங்கும் பகுதிகளை அருகருகே பிரித்தும் வரையலாம். பத்து சுவிட்சுக்கு இருபது பெட்டிகள் போதும்.

இன்று இவை எல்லாம் யூ.எம்.எல். என்ற பொதுக் குறியீட்டுக்குள் வந்துவிட்டன. மூன்று ஆய்வாளர்கள் தனித்தனியே வைத்திருந்த முறைகளை ஒன்றாக இணைத்து உருவானது, 1997இல் தர நிர்ணயமாக ஏற்கப்பட்டது. அதன் 2.5ஆம் பதிப்பில் 14 வகைப் படங்கள் இருக்கின்றன. பதினான்கையும் கற்க வேண்டுமா? வேண்டாம். மூன்று நான்கோடு ஒரு டெவலப்பர் காலம் தள்ளிவிடலாம். அதைவிட, எந்தக் கேள்விக்கு எந்தப் படம் என்று தெரிவது முக்கியம். மேலே பார்த்த இரண்டு பிழைகளில் ஒன்றுகூட கிளாஸ் டயகிராமில் தெரியாது. எதற்குள் எது இருக்கிறது என்பது அதில் வரும். எது முந்தி எது பிந்தி என்பது வராது.

படம் குழப்புவதும் உண்டு. 'செயலி', 'டேட்டாபேஸ்' என்று இரண்டு பெட்டிகள், நடுவில் வெறும் அம்பு. செயலி டேட்டாபேஸிலிருந்து தகவலைப் படிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். யார் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று நினைப்பவர் அம்பை டேட்டாபேஸ் பக்கம் போடுவார். தகவல் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று நினைப்பவர் செயலி பக்கம் போடுவார். இருவரும் ஒரே ஒயிட்போர்டின் முன் நின்று தலையாட்டிவிட்டுப் போய், வேறு வேறு மென்பொருளை எழுதுவார்கள். சீக்வென்ஸ் டயகிராமில் அம்பின் தலை நிரப்பப்பட்டிருந்தால் பதிலுக்குக் காத்திருக்கிறது என்றும், திறந்திருந்தால் காத்திருக்கவில்லை என்றும் யூ.எம்.எல். சொல்கிறது. ஆனால் அது எல்லோருக்கும் நினைவிருக்கும் என்று நம்ப முடியாது. அம்பின் மேல் ஒரு வினைச்சொல்லை எழுதிவிட்டால் தீர்ந்தது: 'கேட்கிறது', 'அனுப்புகிறது', 'அழிக்கிறது'.

நிரலைக் கொடுத்தால் தானாகவே படம் வரைந்து தரும் கருவிகள் இருக்கின்றன. இருநூறு பெட்டிகள், சிலந்தி வலை போலக் கோடுகள். அச்சிட்டுச் சுவரில் ஒட்டினால் பிரமிப்பாக இருக்கும். எதை விடுவது என்று அதற்குத் தெரியாததால் எல்லாவற்றையும் போடுகிறது. நமக்கோ அதில் எங்கே பார்ப்பது என்று தெரியாது.

இன்னொரு தொல்லை, நிரல் மாறும், படம் மாறாது. பிளான்ட்யூஎம்எல், மெர்மெய்டு போன்ற கருவிகளில் படத்தைச் சில வரி எழுத்தாகவே எழுதி, நிரலோடு ஒரே இடத்தில் வைக்கலாம். நிலை ஒன்றைக் கூட்டும் அன்றே படத்திலும் ஒரு வரியைக் கூட்ட வேண்டும். மறந்தால் மாற்றத்தைச் சரிபார்ப்பவர் கேட்பார். ஆர்டரின் நிலைப்படத்தை நான் அப்படித்தான் வைத்திருப்பேன், கேள்வி வரும்போதெல்லாம் திறக்க வேண்டியிருக்கும். இரட்டைப் பணம் பிடித்த அந்த சீக்வென்ஸ் படத்தை வைத்திருக்க மாட்டேன். பதில் தொலைந்துபோனதாகப் பாவனை செய்து, இரண்டு முறை 'எடு' என்று கேட்டு, ஒருமுறைதான் பணம் போகிறதா என்று பார்க்கும் ஒரு டெஸ்ட்டை எழுதியதும் ஒயிட்போர்டைத் துடைத்துவிடலாம்.