"3டி ஒண்ணும் தெரியலை" என்று வீட்டில் யாராவது சொன்னால்

2022 டிசம்பர் 16-ஆம் தேதி 'அவதார்' படத்தின் இரண்டாம் பாகம் வெளியானது. அரையாண்டு விடுமுறை நேரம் என்பதால் குடும்பம் குடும்பமாகப் போய்ப் பார்த்தார்கள். அடுத்த இரண்டு மூன்று வாரங்கள் என் கண் மருத்துவமனையில் அந்தப் படத்தைப் பற்றிப் பேசாமல் போனவர்கள் குறைவு. சொட்டு மருந்து விட்டுக் கண் பாப்பா விரியும்வரை அரைமணி நேரமாவது உட்கார வேண்டும் அல்லவா, அப்போது வேறென்ன பேசுவது!

"கதை பழசு மேடம், செத்துப்போன வில்லனையே திரும்பக் கொண்டு வந்திருக்காங்க" என்றார் ஒருவர். "மூணேகால் மணி நேரம், இடுப்பு ஒடிஞ்சு போச்சு" என்றார் இன்னொருவர். "கதை கிடக்குது, அந்தக் கடலுக்கே கொடுத்த காசு தகும்" என்றவர்களும் உண்டு. நான் இந்தக் கடைசிக் கட்சி. தண்ணீருக்கு அடியில் ஒளி உடைந்து உடைந்து படத்தில் வரும் பிள்ளைகளின் முதுகில் விழுவதைப் பார்ப்பதற்காகவே இரண்டாம் முறையும் போனேன். நடிகர்களை உண்மையான நீர்த்தொட்டிக்குள் மூச்சடக்க வைத்து எடுத்த காட்சிகள் அவை. கேட் வின்ஸ்லெட் 7 நிமிடத்துக்கு மேல் மூச்சடக்கினார் என்பது அப்போது பெரிய செய்தியாக இருந்தது.

கதை பிடித்தது, பிடிக்கவில்லை என்பதெல்லாம் அவரவர் ரசனை. ஆனால் வேறு மூன்று கருத்துகளைக் கேட்டால் நான் கையிலிருக்கும் பேனாவைக் கீழே வைத்துவிடுவேன். "3டி ஒண்ணும் தெரியலை." "பாதியிலேயே தலைவலி வந்துடுச்சு." "ரெண்டு ரெண்டா தெரிஞ்சுது." படத்தைப் பற்றிச் சொல்வதாக நினைத்துக்கொண்டு பலர் தங்கள் கண்ணைப் பற்றியே சொல்லிவிடுகிறார்கள்.

அப்படிச் சொன்னவர்களில் ஒருவர் 21 வயதுக் கல்லூரி மாணவர். அம்மாவுக்குக் கண் காட்டத் துணையாக வந்தவர். "தங்கச்சி மீன் மடியில வந்து நீந்துச்சுன்னு கத்துறா. எனக்கு சும்மா இருட்டா, தட்டையாத்தான் தெரிஞ்சுது. 3டி-ங்கிறதே ஏமாத்து வேலை டாக்டர்" என்றார். இருவரும் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள்.

எங்களிடம் ஒரு சோதனைப் புத்தகம் உண்டு. தியேட்டரில் தருவது மாதிரியே ஒரு கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதைப் பார்க்க வேண்டும். பக்கம் முழுக்க ஒரு பெரிய ஈ. இரண்டு கண்ணும் ஒன்றாக வேலை செய்பவர்களுக்கு அந்த ஈயின் இறக்கை தாளுக்கு மேலே, காற்றில் நிற்கும். இறக்கையைப் பிடிக்கச் சொன்னால் தாளைத் தொடாமல், அதற்குச் சில அங்குலம் மேலேயே விரலைக் கிள்ளுவார்கள். சின்னப் பிள்ளைகள் கையை வெடுக்கென்று இழுத்துக்கொள்ளும். இந்தத் தம்பி நேராகத் தாளையே நகத்தால் கிள்ளினார். "இது பிரிண்ட் பண்ணின ஈ தானே மேடம்?" என்று கேட்டார்.

வலது கண்ணை மூடிவிட்டுப் பலகையைப் படிக்கச் சொன்னேன். இரண்டாவது வரியோடு நின்றுவிட்டார். கழுத்தை முன்னால் நீட்டினார், மூடியிருந்த கையை எடுத்துப் பார்த்தார், மறுபடி மூடினார். அவர் முகம் மாறியதை இப்போதும் மறக்க முடியவில்லை. இடது கண்ணில் 4.5 பிளஸ் பவர், வலதில் அரைதான். பிறந்ததிலிருந்தே இடது கண் மங்கலான படத்தையே அனுப்பியதால் மூளை அதை ஒதுக்கிவிட்டது. சோம்பேறிக் கண் என்று நாங்கள் சொல்வது இதைத்தான். இந்தப் பெயர் எனக்குப் பிடிக்காது. அந்தக் கண் சோம்பேறியல்ல. வேலை கொடுக்கப்படாத கண்.

21 வருடம் எப்படித் தெரியாமல் போனது? நல்ல கண் ஒன்று இருக்கும்வரை தெரியாது என்பதே உண்மை. தூரத்தை அறிய மூளைக்கு வேறு வழிகளும் உண்டு. சிறிதாகத் தெரிவது தள்ளி இருக்கிறது, ஒன்றை மறைப்பது முன்னால் இருக்கிறது, நிழல் எங்கே விழுகிறது... இவற்றை வைத்தே அவர் பைக் ஓட்டினார், பரீட்சை எழுதினார். 3டி படத்தில்தான் இந்த வித்தை பலிக்காது.

காரணம் எளிது. நம் இரண்டு கண்களுக்கும் இடையே ஆறு சென்டிமீட்டர் சொச்சம் இடைவெளி. அதனால் இரண்டும் கொஞ்சம் வேறுபட்ட காட்சியைப் பார்க்கின்றன. அந்த வேறுபாட்டிலிருந்து மூளை ஆழத்தைக் கணக்கிடுகிறது. சார்லஸ் வீட்ஸ்டன் என்ற இங்கிலாந்து விஞ்ஞானி 1838-லேயே இரண்டு தட்டைப் படங்களையும் முகம் பார்க்கும் கண்ணாடிகளையும் வைத்து இதைக் காட்டிவிட்டார். தியேட்டரிலும் அதேதான்: திரையில் இரண்டு படம், கண்ணாடி ஒவ்வொரு கண்ணுக்கும் ஒன்றைப் பிரித்துக் கொடுக்கிறது. ஒரு கண்ணின் படத்தை மூளை வாங்கவே இல்லையென்றால் ஆழம் எங்கிருந்து வரும்?

அடுத்தது தலைவலி. படத்தின் கற்பனை உலகமான பாண்டோராவின் மீன் நம் மூக்குக்கு முன்னால் வரும்போது கண்கள் அதைப் பிடிக்க உள்பக்கமாகத் திரும்ப வேண்டும். ஆனால் படம் விழுவது எங்கோ தள்ளியிருக்கும் திரையில். கண்ணின் ஃபோகஸ் அங்கேயே நிற்க வேண்டும். இயல்பில் இந்த இரண்டு வேலையும் ஜோடியாக நடக்கும். அவற்றைப் பிரித்து மூன்று மணி நேரம் வேலை வாங்கினால் நல்ல கண்ணுக்கே கொஞ்சம் களைப்பு வரும். கண்கள் உள்ளே குவிவதில் ஏற்கெனவே பலவீனம் இருந்தால் இடைவேளைக்கு முன்பே நெற்றி தெறிக்கும், படம் ரெண்டு ரெண்டாகவும் தெரியலாம். நாள் முழுக்க கம்ப்யூட்டரில் வேலை செய்யும் ஒரு பெண் அப்படி வந்தார். பேனாவை அவர் மூக்கை நோக்கிக் கொண்டு போனேன். 20 சென்டிமீட்டரிலேயே ஒரு கண் பேனாவை விட்டு வெளிப்பக்கமாக விலகிவிட்டது. சாயங்காலம் எழுத்து ஆடுவதை வேலைச் சுமை என்றே இரண்டு வருடமாக நினைத்திருந்தாராம். சில வாரப் பயிற்சியிலேயே சரியானார்.

எல்லாப் புகாரும் கண் கோளாறு என்று பயந்துவிடவும் வேண்டாம். "சில இடத்துல டிவி சீரியல் மாதிரி வழுக்கிட்டுப் போச்சு" என்று பலர் சொன்னார்கள். அது கண் அல்ல. வழக்கமான 24-க்குப் பதிலாக விநாடிக்கு 48 ஃபிரேம் வேகத்தில் சில காட்சிகளைக் காட்டினார்கள். இருட்டாகத் தெரிவதும் அப்படித்தான், 3டி கண்ணாடி வெளிச்சத்தை நிறையவே தின்றுவிடும். பவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு 3டி கண்ணாடி மட்டும் போட்டுப் பார்த்துவிட்டு "மங்கல்" என்பவர்களும் உண்டு. தயவுசெய்து பவர் கண்ணாடிக்கு மேலேயே அதை மாட்டுங்கள். அப்புறம், பக்கத்தில் இருப்பவர் தோளில் தலை சாய்த்துப் பார்க்காதீர்கள். தலை சாய்ந்தால் இரண்டு படமும் மேலும் கீழுமாக விலகிக் கண்ணை இழுக்கும். ஒரு கண்ணில் புரை ஆபரேஷன் முடிந்து மறுகண் பாக்கியிருக்கும் பெரியவர்களுக்கு 3டி சரியாக எடுபடாது. அவர்களைச் சாதாரணக் காட்சிக்கே கூட்டிப் போகலாம்.

அடுத்த முறை 3டி படத்துக்குப் போகும்போது ஒன்று செய்யுங்கள். கண்ணாடியோடு ஒரு கண்ணை மூடி மறுகண்ணால் பாருங்கள், பிறகு மாற்றிப் பாருங்கள். பிள்ளைகளையும் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு கண்ணில் மட்டும் தெளிவு குறைந்தால் டாக்டரிடம் வாருங்கள்.

3டி படம் பிள்ளைகளின் கண்ணைக் கெடுத்துவிடுமா என்று பெற்றோர்கள் கேட்கிறார்கள். நிரந்தரமாகக் கெடுக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. கெடுப்பது தாமதம். சோம்பேறிக் கண்ணுக்குக் கண்ணாடி போட்டு, நல்ல கண்ணைப் பேட்ச்சால் மூடி, பலவீனமான கண்ணுக்கு வேலை கொடுக்கும் சிகிச்சை 7 வயதுக்குள் நன்றாகப் பலிக்கும். குறை மிதமானது என்றால் ஒரு நாளைக்கு 2 மணி நேரம் மூடினாலே போதும். அதற்குப் பிறகும் பதின்பருவம் வரை சிலருக்குப் பலன் கிடைக்கிறது, எனவே எந்த வயதிலும் பரிசோதிக்காமல் விடாதீர்கள். "மாறுகண் அதிர்ஷ்டம்" என்று சொல்லிப் பிள்ளையை ஐந்தாறு வயது வரை வீட்டிலேயே வைத்திருப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. மாறுகண்ணையும் மூளை ஒதுக்கிவிடலாம், அந்தக் கண்ணின் பார்வை அல்லவா போகிறது!

பெரியவர்களில் அபூர்வமாக ஒன்று நடந்ததுண்டு. அமெரிக்காவில் புரூஸ் பிரிட்ஜ்மன் என்ற விஞ்ஞானி சிறு வயதிலிருந்தே ஆழம் சரியாகத் தெரியாதவர். 2012-இல், 67 வயதில், ஒரு 3டி படத்துக்குப் போனார். திரையில் ஆழம் தெரிந்தது. வெளியே வந்த பிறகு தெருவிளக்குக் கம்பமும் பின்னணியிலிருந்து பிரிந்து முன்னால் நின்றது. அவருக்கு இருந்தது மாறுகண், அந்தத் தம்பியின் குறை வேறு. அதனால் அந்தக் கதையைச் சொல்லித் தம்பிக்கு ஆசை காட்ட எனக்கு மனம் வரவில்லை. பவர் கண்ணாடி கொடுத்தேன். அதைவிட முக்கியமாக, எளிதில் உடையாத பாலிகார்பனேட் லென்ஸ் போடச் சொன்னேன். நல்ல கண் ஒன்றுதான் என்னும்போது அதில் ஒரு கல் தெறித்துவிடக் கூடாது. அப்புறம், இந்தக் குறை குடும்பத்தில் வரக்கூடியது, வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் கூட்டி வாருங்கள் என்றேன்.

அடுத்த வாரமே அண்ணன் மகளோடு வந்து நின்றார். ஐந்து வயது. அவளுக்கும் இடது கண்தான். ஈயின் இறக்கையை அவளும் தாளோடு சேர்த்தே கிள்ளினாள். கண்ணாடி போட்டோம். பேட்ச்சில் தினமும் ஒரு மீன் படம் வரைந்து ஒட்டிவிடும் வேலையைச் சித்தப்பா எடுத்துக்கொண்டார். எட்டு மாதம் கழித்து அதே புத்தகத்தை விரித்தேன். கையை நீட்டியவள் பாதியிலேயே இழுத்துக்கொண்டு, "ச்சீ, கடிக்கும்" என்று சித்தப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.