லாரிக் கதவில் ஸ்பீக்கர் போடும் முன்

போன ஆடி மழையில் ஒரு ராத்திரி. திருச்சூரில் முட்டை இறக்கிவிட்டு நாமக்கல் திரும்பிக்கொண்டிருந்த லாரி ஒன்று, கே.ஜி.சாவடியில் என் பட்டறை முன்னால் வந்து நின்றது. டிரைவர் தம்பிக்கு முகமே சரியில்லை. "அண்ணா, குதிரான் சுரங்கத்துக்குள்ள வரும்போது ரப்பர் கருகுற வாசம் வந்துச்சுங்க. வெளிய வந்து ஓரங்கட்டிப் பார்த்தா, கிளீனர் பக்கத்துக் கதவு சுடுது. வயரைப் பிடுங்கிப் போட்டுட்டுத்தான் வந்தோம்" என்றார்.

கதவின் உள்பக்க மூடியான டோர் பேடைக் கழற்றி லைட் அடித்துப் பார்த்தேன். ஸ்பீக்கரைச் சுற்றி எரியும் எல்இடி வளையத்துக்குப் போகிற வயர், கதவுக்கும் தூணுக்கும் நடுவே தகரத்தில் போட்ட வெறும் ஓட்டை வழியாக நுழைந்திருந்தது. ஓட்டையின் விளிம்பு கத்தி மாதிரி இருந்தது. கதவு திறந்து மூடும் ஒவ்வொரு தடவையும் அந்த விளிம்பு வயரைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்திருக்கிறது. தோல் போய், செம்பு தகரத்தில் பட்டு, இரண்டு விரல் நீளத்துக்குக் கருகிக் கிடந்தது. பின்னோக்கித் தடவிக்கொண்டே போனால் அந்த வயர் நேராக பேட்டரியில் முடிகிறது. நடுவில் பியூஸ் என்று ஒன்று இல்லவே இல்லை.

ஸ்பீக்கரில் ஒரு குறையும் இல்லை, நல்ல ஸ்பீக்கர்தான். அதற்குக் கொடுத்த காசில் நூறில் ஐந்து பங்கு செலவு செய்திருந்தாலே போதும், ஓட்டை விளிம்பில் மாட்டும் ரப்பர் வளையமான கிராமெட், வயருக்கு மேலே போடும் உறையான ஸ்லீவ், பியூஸ் மூன்றும் வந்திருக்கும். பியூஸ் இருப்பது பாட்டு செட்டைக் காப்பாற்ற என்று பலர் நினைக்கிறார்கள். அது முதலில் காப்பாற்றுவது வயரை. அதனால் அது பேட்டரிக்குப் பக்கத்தில், ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். செட்டுக்குப் பின்னால் மட்டும் பியூஸ் இருந்தால், பேட்டரியிலிருந்து அதுவரை வரும் வயருக்குக் காவல் கிடையாது.

அடுத்தது 24 வோல்ட் விஷயம். நான் அதிகம் பார்க்கிற தவறு இதில்தான். பெரிய லாரிகளில் இரண்டு 12 வோல்ட் பேட்டரியை வரிசையாகக் கோத்து 24 ஆக்கியிருப்பார்கள். இன்ஜின் ஓடும்போது அது 28 வரை ஏறும். பாட்டு செட் 12 வோல்ட்டுக்கானது. 24-ஐ 12 ஆக்கித் தரும் கன்வர்ட்டர் வாங்கச் சோம்பல்பட்டு, எர்த் (வண்டி பாடியில் மைனஸ் சேரும்) பக்கத்து பேட்டரியில் மட்டும் ஒரு வயர் எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். செட் பாடும், முதலில் ஒன்றும் தெரியாது. ஆனால் அந்த ஒரு பேட்டரி மட்டும் நாள் முழுக்க இறங்கிக்கொண்டே இருக்கும். பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டருக்கு இரண்டையும் தனித்தனியாகப் பார்க்கத் தெரியாது, மொத்தம் 28 என்றுதான் கொடுக்கும். இறங்கின பேட்டரி பாதி வயிற்றோடு கிடக்க, நல்ல பேட்டரிக்கு அளவுக்கு மீறி ஏறி, தண்ணீர் கொதித்து வற்றும். கடைசியில் இரண்டையுமே மாற்ற வேண்டி வரும். கேரள எல்லையில் வாளையார் வரி செக்போஸ்ட்டில் மணிக்கணக்கில் வரிசை நின்ற காலத்தில், இன்ஜினை அணைத்துவிட்டுப் பாட்டுக் கேட்டு, விடிகாலையில் செல்ஃப் எடுக்காமல் தள்ளிய வண்டிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்து அந்த வரிசை போய்விட்டது. ஒரு பேட்டரியில் கொக்கி போடும் பழக்கம் மட்டும் போகவில்லை.

தனி ஆம்ப்ளிஃபயர் இல்லாத சாதாரண செட்டுக்கு 20 ஆம்பியர் கன்வர்ட்டர் தாராளம். அதையும் சாவி போட்டால் மட்டும் கரண்ட் வருகிற மாதிரி ரிலே என்கிற தானியங்கி சுவிட்ச் வைத்து மாட்டுங்கள். நேராக மாட்டினால், வண்டி சும்மா நிற்கும்போதும் அது கொஞ்சம் கொஞ்சமாக பேட்டரியைக் குடிக்கும்.

கதவை வெட்டுவதற்கு முன் கண்ணாடியை முழுசாக இறக்கிவிட்டு அளவு எடுங்கள். ஆறரை அங்குல ஸ்பீக்கரின் காந்தம் இரண்டு, இரண்டரை அங்குலம் உள்ளே போகும். கண்ணாடி மேலே இருக்கும்போது அளந்துவிட்டு, அப்புறம் இறக்கும்போது உடைத்தவர்கள் உண்டு. வெட்டின விளிம்புக்கு அன்றைக்கே துரு பிடிக்காமலிருக்க ரெட் ஆக்சைடு பெயின்ட் அடித்துவிட வேண்டும். பாலக்காடு பக்கம் ஓடுகிற வண்டிக்கு இது ரொம்ப முக்கியம். ஜூன் பிறந்துவிட்டால் கதவுக்குள் தண்ணீர் இறங்கிக்கொண்டேதான் இருக்கும், அது கண்ணாடி ரப்பர் வழியாக வருவது, தடுக்க முடியாது. அதற்காகத்தான் கதவின் அடியில் வடிகால் ஓட்டையும், டோர் பேடுக்குப் பின்னால் பிளாஸ்டிக் ஷீட்டும் வைத்திருக்கிறார்கள். அந்த ஷீட்டைக் கிழித்து எறியாதீர்கள். ஸ்பீக்கருக்கு மேலே குடை மாதிரி ஒரு மறைப்பு வையுங்கள். பாடி கட்டும் பட்டறையில் மரச்சட்டம் வைத்துச் செய்த பழைய கதவாக இருந்தால், ஈரத்தில் சட்டம் உளுத்து ஸ்க்ரூ பிடிக்காது. முதலில் சட்டத்தைப் பாருங்கள்.

வயர் மிச்சம் பிடிக்க, ஸ்பீக்கரின் மைனஸை பாடியில் எர்த் கொடுப்பது பழைய ரேடியோ காலத்துப் பழக்கம். இப்போதைய செட்டுகளில் இரண்டு வயரிலும் சிக்னல் ஓடுகிறது. எர்த் கொடுத்தால் செட்டுக்குள் சத்தத்தைக் கூட்டித் தரும் ஐசி சில்லு போய்விடும். பிளஸ், மைனஸ் குழப்பமா? ஒன்றரை வோல்ட் செல்லை ஸ்பீக்கரின் இரண்டு முனைகளில் ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். கூம்பு முன்னால் தள்ளினால், செல்லின் பிளஸ் தொட்ட முனைதான் பிளஸ். ஒரு கதவில் மாறிப்போனால் பேஸ் காணாமல் போகும்.

சத்தத்தைப் பற்றியும் சொல்லியே ஆக வேண்டும். 85 டெசிபலை ஒரு நாளைக்கு 8 மணி நேரம் வரைதான் காது தாங்கும் என்பது கணக்கு. 3 டெசிபல் கூடினால் அந்த நேரம் பாதியாகிவிடும். கேபினில் இன்ஜின் சத்தம் ஏற்கெனவே இருக்கிறது, அதற்கு மேல்தான் பாட்டு. அதோடு, ஏர் லீக் ஆகிற சீறலும், டயர் அடி வாங்குகிற சத்தமும், பின்னால் வரும் ஆம்புலன்ஸும் டிரைவர் காதில் விழ வேண்டும்.

வேலை முடிந்ததும் நான் வண்டியை அப்படியே அனுப்ப மாட்டேன். பாட்டை ஓடவிட்டு, கதவைப் பத்துத் தடவை திறந்து மூடுவேன், கண்ணாடியை ஏற்றி இறக்குவேன். அப்புறம் டிரைவரை உட்காரவைத்து, இன்ஜினை ஓடவிட்டு, கண்ணாடியை மூடச் சொல்லிவிட்டு, வண்டிக்குப் பின்னால் போய் என் பைக் ஹாரனை அடிப்பேன். அவர் கையைத் தூக்கிக் காட்டும்வரை வால்யூமைக் குறைக்கச் சொல்வேன். கை தூக்கின இடத்தில் செட்டில் ஒரு சின்ன வெள்ளைக் கோடு. அந்த முட்டை லாரியிலும் அந்தக் கோடு இருக்கிறது.