கேம்பர் வேனின் கிளட்ச்: பிளேட்டை மட்டும் மாற்றினால் போதாது

பழைய டெம்போ டிராவலரை வாங்கி, இருக்கைகளைக் கழற்றிவிட்டு, படுக்கையும் அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் பொருத்திக் குடும்பத்தோடு ஊர் சுற்றுபவர்கள் நம் குமரி மாவட்டத்திலும் இருக்கிறார்கள். நாகர்கோவிலில் உள்ள எங்கள் பட்டறைக்கு அத்தகைய வண்டி கிளட்ச் கோளாறோடு வரும்போது, "அண்ணே, பிளேட்ட மட்டும் மாத்தித் தாங்க, மூணாறு போகணும்" என்றுதான் பெரும்பாலும் கேட்கிறார்கள். பிளேட் என்பது இன்ஜினுக்கும் கியர் பாக்ஸுக்கும் இடையில் இருந்து சுழற்சியைக் கடத்தும், தேயக்கூடிய வட்டத் தகடு. அதனால் இந்த வேலையில் கூலியின் பெரும்பகுதி கியர் பாக்ஸை இறக்கி ஏற்றுவதற்கே போகிறது. ஆகவே, இறக்கிய பிறகு பிளேட்டை மட்டும் மாற்றிவிட்டு மூடுவது, அதே கூலியை விரைவில் இன்னொரு முறை கொடுக்க நாமே வழி செய்வதாகும்.

இறக்குவதற்கு முன் கோளாறு எது என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். குலசேகரம் தாண்டிப் பேச்சிப்பாறைப் பக்கம் ஏறும்போது ஆக்சிலரேட்டரை மிதித்தால் இன்ஜின் சத்தம் மட்டும் கூடி, வேகம் கூடாமல், கருகிய வாடையும் வந்தால் கிளட்ச் ஸ்லிப் ஆகிறது, அதாவது பிடிக்காமல் வழுக்குகிறது என்று பொருள். சமதளத்தில் ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மூன்றாவது கியரில் போட்டுக் கிளட்சை மெல்ல விட்டுப் பாருங்கள்; நல்ல கிளட்ச் என்றால் இன்ஜின் அணைந்துவிடும். இதைத் திரும்பத் திரும்பச் செய்தால் மிச்சமிருக்கும் பிளேட்டும் கருகிவிடும். மாறாக, பெடல் தளர்ந்து தரை வரை இறங்கினாலோ, ரிவர்ஸ் கியர் கரகரத்தாலோ, பெடலை மிதிக்கும் விசையை ஆயில் வழியாகக் கிளட்சுக்குக் கொண்டுபோகும் மாஸ்டர் சிலிண்டரையும் ஸ்லேவ் சிலிண்டரையும் முதலில் பார்க்க வேண்டும். கிளட்ச் ஆயிலாக ஊற்றப்படும் பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சக்கூடியது. பல ஆண்டுகள் மாற்றாமல் விட்டால் சிலிண்டருக்குள் துரு ஏறிக் கசியத் தொடங்கும். அதற்குக் கியர் பாக்ஸை இறக்கத் தேவையே இல்லை.

கழற்றிய பழைய பிளேட்டைத் தூக்கி எறிவதற்கு முன் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும், ஏனெனில் தேய்ந்ததன் காரணம் அதிலேயே இருக்கும். ரிவெட் தலைகள் மேலே வந்து, இன்ஜினின் பின்முனையில் சுழலும் கனத்த சக்கரமான ஃபிளைவீலில் வட்டவட்டமாகக் கோடு போட்டிருந்தால், தேய்ந்த பிறகும் வண்டியை நெடுநாள் ஓட்டியிருக்கிறார்கள். பிளேட்டில் எண்ணெய் ஊறியிருந்தால் அதைத் துணியில் துடைத்து முகர்ந்து பாருங்கள்: கந்தக நெடி அடித்தால் கியர் ஆயில், கியர் பாக்ஸின் முன் சீல் போயிருக்கிறது, கறுத்துக் கருகிய வாடை அடித்தால் இன்ஜின் ஆயில், கிராங்க் ஷாஃப்டின் பின் சீல் போயிருக்கிறது. சில நூறு ரூபாய் சீலை மாற்றாமல் புதுப் பிளேட்டைப் போட்டால் அதுவும் எண்ணெயில் ஊறிப் பழையபடி வழுக்கும். ஃபிளைவீலில் நீலத் திட்டுகளோ மயிரிழை விரிசல்களோ இருந்தால் கடைந்து சமப்படுத்த லேத்துக்கு அனுப்ப வேண்டும். விரிசல் ஆழமாக இருந்தால் மாற்றியே ஆக வேண்டும். பிளேட்டை ஃபிளைவீலோடு அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட், பெடலை மிதிக்கும்போது அந்தப் பிடியை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங், கியர் பாக்ஸ் ஷாஃப்டின் முனையைத் தாங்கும் பைலட் பேரிங் மூன்றையும் பிளேட்டோடு சேர்த்தே மாற்றுங்கள்.

டிராவலர் 1987 முதல் வரும் வண்டி. இடையில் இன்ஜின்கள் மாறியிருப்பதால், வண்டியின் பெயரை மட்டும் சொல்லி உதிரிபாகம் வாங்காமல், பழைய பிளேட்டைக் கையோடு கொண்டுபோய் விட்டத்தையும் நடுவிலுள்ள பற்களின் எண்ணிக்கையையும் ஒப்பிட்டு வாங்குவதே சரி.

இங்கே இளம் மெக்கானிக்குகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். உள்ளே படிந்திருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள் தம்பி. பழைய பிளேட்டுகளில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம், அந்தத் தூசி நுரையீரலுக்குப் பெருங்கேடு. முகக்கவசம் அணிந்து, ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் யாரும் படுக்கக் கூடாது, ஸ்டாண்ட் கட்டாயம். கியர் பாக்ஸை ஏற்றும்போது அதன் பாரத்தைப் பிளேட்டின் மீது தொங்கவிட்டால் புதுப் பிளேட் வளைந்து, கிளம்பும்போதெல்லாம் வண்டி உதறும். பிளேட்டின் நடுவில் நுழையும் கியர் பாக்ஸ் ஷாஃப்டின் பற்களில் கிரீஸை மிக மெல்லியதாகத் தடவினால் போதும்; அதிகமானால் தெறித்துப் பிளேட்டில் ஒட்டும்.

இத்தனையும் செய்த பிறகும், கேம்பர் வேனுக்கே உரிய காரணம் ஒன்று மிஞ்சுகிறது. நூறு லிட்டர் தண்ணீர் என்றாலே நூறு கிலோ. அதோடு பேட்டரி, மரவேலை, கேஸ் சிலிண்டர் எல்லாம் நிரந்தரப் பாரமாக ஏறிவிடுகின்றன. பயணிகள் இறங்கினால் குறையும் பாரம் அல்ல இது. அந்த எடையோடு மார்த்தாண்டம் நெரிசலிலும் மலையேற்றத்திலும் ஹாஃப் கிளட்சிலேயே, அதாவது பெடலைப் பாதி மிதித்தபடியே வண்டியை நிறுத்திவைத்தால் எந்தப் பிளேட்டும் தாங்காது. ஏற்றத்தில் நிற்க ஹேண்ட் பிரேக்கைப் பயன்படுத்துங்கள். மலைக்குப் போகும்போது தொட்டியைப் பாதி நிரப்பிக்கொண்டு, மேலே போய் நிரப்பிக்கொள்ளுங்கள். முட்டம், ராஜாக்கமங்கலம் போன்ற கடற்கரையோரங்களில் வண்டியை மாதக்கணக்கில் நிறுத்திவைப்பவர்கள் அவ்வப்போது எடுத்துச் சற்று தூரம் ஓட்ட வேண்டும். உப்புக்காற்றும் மழையீரமும் சேர்ந்தால் பிளேட் ஃபிளைவீலோடு துருவேறி ஒட்டிக்கொள்ளும்.

புதுக் கிளட்ச் போட்ட மறுநாளே மூணாறு ஏறாதீர்கள். முதல் 500 கிலோமீட்டர் அதிகப் பாரமில்லாமல், பெடலில் காலை வைத்துக்கொண்டே ஓட்டாமல், நிதானமாகச் செல்லுங்கள். பிறகு பட்டறைக்குக் கொண்டுவந்து பெடலின் ஆட்டத்தையும் ஆயில் அளவையும் கியர் பாக்ஸ் போல்ட்டுகளின் இறுக்கத்தையும் சரிபார்த்துக்கொண்டு மலைப் பயணத்தைத் தொடங்குங்கள்.