ஸ்லைடில் வைத்த ஒலி எங்கே போகிறது?

நம் கணினியில் கணீரென்று ஒலித்த ஸ்லைடு, இன்னொருவருக்கு அனுப்பியதும் வாயடைத்துப் போவது அடிக்கடி நடக்கிறது. ஸ்பீக்கர் படம் மட்டும் அதே இடத்தில் இருக்கும். அழுத்தினால் சத்தம் வராது. உடனே வால்யூமைக் கூட்டிப் பார்ப்போம், ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கிச் சொருகுவோம். பெரும்பாலும் கோளாறு அங்கே இருக்காது, அனுப்பிய ஃபைலுக்குள்ளேயே இருக்கும். உச்சரிப்பு சொல்லித்தரும் ஸ்லைடு, பறவைகளின் குரலை அடையாளம் காட்டும் ஸ்லைடு, இதயத் துடிப்பில் உள்ள வேறுபாட்டைக் காதால் பழக்கும் ஸ்லைடு இவற்றிலெல்லாம் ஒலிதான் பாடம். அது போய்விட்டால் ஸ்லைடால் பயனே இல்லை. அதனால் இதைக் கொஞ்சம் உள்ளே இறங்கிப் பார்ப்பது நல்லது.

பவர்பாயிண்ட் 2007இலிருந்து சேமித்துவரும் பிபிடிஎக்ஸ் ஃபைல் உண்மையில் ஒரு ஜிப் ஃபைல், அதாவது பல ஃபைல்களை ஒன்றாகச் சுருக்கிக் கட்டிய பொட்டலம். அதற்கு ஒரு பிரதி எடுத்து, பெயரின் கடைசியில் உள்ள பிபிடிஎக்ஸ் என்பதை ஜிப் என்று மாற்றித் திறந்தால் உள்ளே வரிசையாக ஃபோல்டர்கள் தெரியும். அவற்றில் 'பிபிடி' என்பதற்குள் போனால், 'மீடியா' என்ற ஃபோல்டரில் படங்களும் ஒலிகளும் இருக்கும். 'ஸ்லைட்ஸ்' ஃபோல்டரில் ஒவ்வொரு ஸ்லைடுக்கும் ஒரு எக்ஸ்எம்எல் ஃபைல், அதாவது சாதாரண எழுத்தில் எழுதிய ஒரு விவரக் குறிப்பு. அந்தக் குறிப்பில் ஒலி இருக்காது. "இந்த இடத்தில் ஆர்ஐடி2 என்பதை இயக்கு" என்கிற மாதிரி ஓர் அடையாளம் மட்டும் இருக்கும். ஆர்ஐடி2 என்பது எந்த ஃபைல் என்று அறிய, பக்கத்தில் 'ரெல்ஸ்' என்ற ஃபோல்டரில் உள்ள இன்னொரு சிறிய ஃபைலைப் பார்க்க வேண்டும்.

எல்லாம் அங்கேதான் தீர்மானமாகிறது. அந்த ஃபைலை நோட்பேடில் திறந்து பாருங்கள். ஒலி உள்ளேயே பதிந்திருந்தால், அந்த வரியில் இருக்கும் முகவரி இதே ஜிப்புக்குள் உள்ள மீடியா ஃபோல்டரைக் காட்டும். ஒலியை வெறும் லிங்க்காகச் சேர்த்திருந்தால், அதே வரியில் 'எக்ஸ்டர்னல்' என்ற சொல் இருக்கும். முகவரியோ சி டிரைவில் தொடங்கி, அனுப்பியவரின் பயனர் பெயர், டெஸ்க்டாப், அதில் ஒரு ஃபோல்டர் என்று நீண்டுகொண்டே போகும். வாங்கியவரின் கணினியில் அப்படி ஓர் இடமே கிடையாது. பவர்பாயிண்ட் அங்கே தேடும், கிடைக்காது, சத்தமும் வராது.

இந்த லிங்க் பழக்கம் எப்படி வந்தது என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. பவர்பாயிண்ட் 2007 வரை வேவ் வகை ஒலியை, அதாவது பெரும்பாலும் சுருக்காமல் அப்படியே சேமித்த ஒலியை, மட்டும்தான் உள்ளே பதிக்க முடியும். அதுவும், அமைப்பை மாற்றாவிட்டால், 100 கேபி வரைதான். சிடி தரத்தில் ஒரு விநாடிக்கு 44,100 மாதிரிகள் (அத்தனை முறை ஒலியை அளந்து எடுத்த எண்கள்), ஒவ்வொன்றும் 16 பிட், இடது வலது என்று இரண்டு தடங்கள். பெருக்கிப் பார்த்தால் விநாடிக்குச் சுமார் 176 கேபி ஆகிறது. அதாவது அந்த 100 கேபியில் ஒரு முழு விநாடிகூட அடங்காது! அதைத் தாண்டிய எதுவும் தானாக லிங்க் ஆகிவிடும். 2010இல் வந்த பதிப்பிலிருந்து, உள்ளே பதிப்பதே இயல்பான வழியானது. ஆனாலும் 'லிங்க் டு ஃபைல்' என்ற தேர்வு இன்றும் இருக்கிறது. பழைய ஃபைல்களைத் தட்டிக்கொட்டிப் புதிதாக்கும்போது பழைய லிங்க்குகளும் சத்தமில்லாமல் கூடவே வந்துவிடுகின்றன.

கூகுள் ஸ்லைட்ஸின் கதை வேறு. அங்கே ஒலி எப்போதும் ஸ்லைடுக்கு வெளியேதான் இருக்கும். அது கூகுள் டிரைவில் உள்ள தனி ஃபைல், அதற்கென்று தனி அனுமதி. பிரசென்டேஷனை ஒருவருக்கு ஷேர் செய்தால் அதில் உள்ள ஒலியையும் ஷேர் செய்ததாக ஆகாது. உருவாக்கியவருக்கு எந்தக் குறையும் தெரியாது, ஏனென்றால் இரண்டுமே அவருடையவை. பார்ப்பவர்களுக்கு மட்டும் கேட்காது. இந்த ஒரு விஷயம் தெரியாமல்தான் பலர் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள் என்று நினைக்கிறேன். ஒலிகளை எல்லாம் ஒரே ஃபோல்டரில் போட்டு, அந்த ஃபோல்டரையே "லிங்க் உள்ள எவரும் பார்க்கலாம்" என்று வைத்துவிட்டால் வேலை முடிந்தது. அப்புறம் டிரைவில் இடம் போதவில்லை என்று அந்த ஃபைலை அழித்துவிடக் கூடாது.

சில சமயம் ஒலி உள்ளேயே பத்திரமாக இருந்தும் கேட்காது. அப்போது பார்க்க வேண்டியது கோடெக். ஒலியை எண்களாகச் சுருக்கவும் மறுபடி விரிக்கவும் உள்ள முறைக்குத்தான் அந்தப் பெயர். சுருக்கிய முறை அந்தக் கணினிக்குத் தெரியாவிட்டால் ஃபைல் இருந்தும் பயனில்லை. விண்டோஸில் ஒலிக்கும் டபிள்யூஎம்ஏ ஃபைல் மேக்கில் இயல்பாக ஓடாது. எம்பி3, அல்லது ஏஏசி முறையில் சுருக்கிய எம்4ஏ இரண்டில் ஒன்றைப் பயன்படுத்தினால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது.

அளவும் குறையும். சிடி தர வேவ் நிமிடத்துக்கு 10 எம்பிக்கு மேல் பிடிக்கும். விநாடிக்கு 128 கிலோபிட் வேகத்தில் எம்பி3 ஆக்கினால் ஒரு எம்பிக்குள் அடங்கும். உரத்த ஒலியின் நிழலில் மெல்லிய ஒலி நம் காதுக்கு எட்டாது, எம்பி3 அந்த எட்டாத பகுதிக்குத்தான் குறைவான பிட்களை ஒதுக்குகிறது. வெறும் பேச்சு என்றால் 64 கிலோபிட், ஒற்றைத் தடம் போதும். ஆனால் சுருக்கியதையே மறுபடி சுருக்கினால் ஒவ்வொரு முறையும் தரம் தேயும், அதனால் மூல வேவை வைத்துக்கொண்டு அதிலிருந்து ஒரே முறை சுருக்குங்கள். மின்னஞ்சலில் போகாது என்பதற்காக ஒலியை லிங்க் ஆக்குவதைவிட இது எவ்வளவோ மேல்.

பிடிஎஃப் ஆக மாற்றி அனுப்பினால் ஒலி போய்விடும். வீடியோவாக ஏற்றுமதி செய்தால் ஒலி பெரும்பாலும் கூடவே இருக்கும், ஆனால் வாங்கியவர் எதையும் திருத்த முடியாது. ஆன்லைன் கூட்டத்தில் திரையைப் பகிரும்போது, ஒலியையும் பகிரச் சொல்லும் கட்டத்தைத் தனியாக 'டிக்' செய்ய வேண்டும்.

அனுப்புவதற்கு முன் சோதிக்க இரண்டாவது கணினி தேவையில்லை. பவர்பாயிண்டை மூடிவிட்டு, உங்களிடம் உள்ள மூல ஒலி ஃபைலின் பெயரைத் தற்காலிகமாக மாற்றுங்கள். பிரசென்டேஷனைத் திறந்து இயக்குங்கள். சத்தம் வந்தால் ஒலி உள்ளே இருக்கிறது, வராவிட்டால் லிங்க். லிங்க் என்றால் அந்த ஸ்பீக்கர் படத்தை நீக்கிவிட்டு 'இன்சர்ட்' வழியாக ஒலியைப் புதிதாகச் சேருங்கள். கூகுள் ஸ்லைட்ஸ் என்றால், லிங்க் வைத்து எவரும் பார்க்கும்படி பகிர்ந்த பிறகு, அந்த லிங்க்கை இன்காக்னிட்டோ ஜன்னலில், எந்தக் கணக்கிலும் நுழையாமல் திறந்து ஒவ்வொரு ஸ்பீக்கர் படத்தையும் ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.