வாந்திபேதியா? கஞ்சியில் உப்பு போட்டீர்களா?

வெயில் ஏறும் சித்திரையிலும் மழை கொட்டும் ஐப்பசியிலும் எங்கள் கிளினிக்கில் வாந்தி, லூஸ் மோஷன் என்று வருபவர்கள் கூடிவிடுவார்கள். அநேகமாக எல்லோருமே வீட்டில் ஏதோ ஒரு கை வைத்தியம் பார்த்துவிட்டுத்தான் வருவார்கள், அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. "குடிக்க என்ன கொடுத்தீங்க?" என்று கேட்டால் வரும் பதில்தான் கவலை தருகிறது: "ஒண்ணும் கொடுக்கல டாக்டர், கொடுத்தா அப்படியே வெளிய போகுது, அதான் வயித்தைக் காயப் போட்டோம்."

காயப் போடாதீர்கள். பெரும்பாலும் இது ரோட்டா, நோரோ மாதிரி வைரஸ்களின் வேலை, சில நாட்களில் தானாக அடங்கிவிடும். ஆன்டிபயாட்டிக் வைரஸைத் தொடவே தொடாது. ஆளைச் சாய்ப்பது உடம்பை விட்டுப் போகும் தண்ணீரும் உப்பும்தான். அதனால் யார் எந்த வைத்தியம் சொன்னாலும், போன தண்ணீரையும் உப்பையும் இது திரும்ப உள்ளே கொண்டுபோகுமா என்று மட்டும் பாருங்கள்.

வெறும் தண்ணீர் அதற்குப் போதாது. சிறுகுடல் சுவரில், சர்க்கரையும் சோடியமும் சேர்ந்து வந்தால் உள்ளே விடும் ஒரு வழி இருக்கிறது. அவை போகும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். பேதி நிற்காமல் போகும்போதும் அந்த வழி பெரும்பாலும் வேலை செய்துகொண்டேதான் இருக்கும். 1971 வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் பங்கான் அகதிகள் முகாமில் காலரா பரவி, நரம்பில் ஏற்றுகிற பாட்டில்கள் தீரும் நிலை வந்தபோது, டாக்டர் திலீப் மஹலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் சோடா உப்பும் கலந்த தண்ணீரை டிரம்களில் நிரப்பி, நோயாளிகளின் சொந்தக்காரர்களையே எடுத்துப் புகட்டச் சொன்னார். 30 சதவீதம் வரை இருந்த சாவு 3.6 சதவீதமாக இறங்கியது. இன்று நாம் வாங்கும் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டும் அதே தத்துவம்தான், அளவுகள்தான் மாறியிருக்கின்றன.

நம் வீட்டு நொய்க் கஞ்சியும் இதையே செய்கிறது, அரிசியின் மாவுச்சத்து குடலில் மெதுவாக உடைந்து சர்க்கரையாவதால் கொஞ்சம் நன்றாகவே செய்கிறது. ஒரு கைப்பிடி நொய்யைக் குழைய வேகவிட்டு, சுமார் ஒரு லிட்டர் வரும்படி தண்ணீராகக் கரைத்து, தலைதட்டி அரை டீஸ்பூன் உப்பு போடுங்கள். நம் ஆட்கள் விட்டுவிடுவது அந்த உப்பைத்தான். தாத்தாவுக்கு பி.பி. என்று ஒரு காரணம், குழந்தைக்கு உப்பு எதற்கு என்று இன்னொரு காரணம். கஞ்சி வைக்க ஆளில்லையா, கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டி 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. அளவை மீறி உப்பைக் கூட்டினாலும் ஆபத்துதான், குறிப்பாகக் குழந்தைகளுக்கு. 6 மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குக் கஞ்சி வேண்டாம். தாய்ப்பாலை நிறுத்தாமல் கொடுத்துக்கொண்டே டாக்டரிடம் காட்டுங்கள்.

ஓ.ஆர்.எஸ். பாக்கெட் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கிடைக்கும். ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரு டம்ளரில் கரைப்பதும், டம்ளருக்கு ஒரு சிட்டிகை என்று போடுவதும் ரெண்டுமே தப்பு. கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். டெட்ரா பாக்கெட்டில் பழ வாசனையோடு வரும் சர்க்கரைத் தண்ணீர் வேறு. அந்த மாதிரி பானங்களில் ஓ.ஆர்.எஸ். என்று பெயர் போடக் கூடாதென்று மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவே போட்டது. கலர், கோலா, குளுக்கோஸ் பவுடர் எல்லாம் அதே ரகம்தான், இனிப்பு கூடினால் குடலுக்குள் தண்ணீர் இன்னும் ஊறி பேதி அதிகமாகும்.

இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம் ஏராளம், சோடியம் குறைவு. அதையே முழு வைத்தியமாக நம்பாதீர்கள். கிட்னி நோயாளிகளுக்கு அதுவும் வேண்டாம். உப்புப் போட்ட நீர்மோர் சரி. குமட்டலுக்கு இஞ்சித் தட்டிப் போட்ட வெந்நீர் பெரியவர்களுக்கு உதவும். கொய்யாக் கொழுந்து, மாதுளைத் தோல், கடுந்தேநீர் எல்லாம் துவர்ப்பு. பெரியவர்கள் ஒரு வேளை குடித்தால் பாதகமில்லை, ஆனால் போன தண்ணீரை அவை ஈடுகட்டாது. கைக்குழந்தைக்கு வசம்பு உரைத்துக் கொடுப்பதும், ஒரு வயதுக்கு முன் தேன் தடவுவதும் கூடவே கூடாது.

குடித்ததும் வாந்தி வருகிறதா? 10 நிமிடம் பொறுத்து, பிறகு ஒன்றிரண்டு நிமிடத்துக்கு ஒரு ஸ்பூன். அலுப்பான வேலை, ராத்திரி முழுக்க யாராவது உட்கார வேண்டும், ஆனால் நிறைய குழந்தைகளுக்கு டிரிப்ஸ் தேவைப்படாமல் போவது இதனால்தான். ஒவ்வொரு முறை பேதி போனதும் 2 வயதுக்குக் கீழே 50 முதல் 100 மில்லி, அதற்கு மேல் 10 வயது வரை 100 முதல் 200 மில்லி கொடுக்கலாம். பசித்தால் இட்லி, தயிர்சாதம், வாழைப்பழம் கொடுங்கள். குழந்தைகளுக்கு துத்தநாகச் சத்து மருந்தையும் டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள்.

சுகர் இருப்பவர்களும் ஓ.ஆர்.எஸ். குடிக்கலாம், ஒரு லிட்டரில் 13.5 கிராம் குளுக்கோஸ்தான். ஆனால் பி.பி. மாத்திரை, நீர் பிரியும் மாத்திரை, மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்கள் பேதி நிற்காதபோது அவற்றைத் தொடரலாமா என்று டாக்டரைக் கேட்டுவிடுங்கள்.

"தொக்கம் எடுத்தோம், உரம் எடுத்தோம்" என்று நாட்டு வைத்தியம் பார்த்துவிட்டு இன்றும் வருகிறார்கள். தொக்கம் எடுப்பவர் வீட்டு வாசலில் காத்திருக்கும் அந்த அரை நாளில்தான் குழந்தையின் கண் உள்ளே போயிருக்கும். 6 மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, அழுதால் கண்ணீர் இல்லை, உச்சிக்குழி பள்ளம், எழுப்பினாலும் சோர்ந்து விழுவது, மலத்தில் ரத்தம், அரிசி கழுவிய தண்ணீர் போலப் போவது, விடாத காய்ச்சல், எதுவும் வயிற்றில் தங்காதது, இதில் ஒன்று இருந்தாலும் வீட்டில் வைத்துப் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள், போகும் வழியெல்லாம் ஸ்பூனால் கொடுத்துக்கொண்டே போங்கள். பேதியை நிறுத்தும் மாத்திரையைக் குழந்தைகளுக்கும், ரத்தமோ காய்ச்சலோ இருப்பவர்களுக்கும் கடையில் கேட்டு வாங்கிப் போடாதீர்கள்.

அப்புறம், நோரோ வைரஸுக்கு சானிடைசர் சரியாக வேலை செய்யாது, சோப்புப் போட்டுத்தான் கை கழுவ வேண்டும். வீட்டில் சமைப்பவருக்கே வந்திருந்தால், வாந்திபேதி நின்று 2 நாள் ஆகும்வரை வேறு யாராவது அடுப்படியைப் பார்த்துக்கொள்ளட்டும்.