நின்றிருக்கும் காற்றாலையிலும் மின்சாரம் உண்டு

மூலனூர்ப் பக்கம் கொறங்காடு (மேய்ச்சல் நிலம்) ஒன்றில், எங்கள் காற்றாலையின் மின்மாற்றி வளாகத்துக்குள் புகுந்துவிட்ட ஆட்டுக்குட்டியை ஓட்டிவரத் தொரட்டியோடு வேலிக்கம்பியைத் தூக்கிப்பிடித்து நுழையப்போன பெரியவர் ஒருவரை எங்கள் காவலாளி இழுத்து நிறுத்தினார். "காத்தாடிதான் சுத்துலியே தம்பி, அப்பறம் கரண்டு எங்கிருந்து வரும்?" என்று பெரியவர் கோபித்துக்கொண்டார். இந்த ஐப்பசியில் மட்டும் இக்கேள்வியை நான்காவது முறையாகக் கேட்டுவிட்டதால் எழுத உட்கார்ந்தேன்.

இறக்கை சுழல்வதும், அந்த வேகத்தைப் பல்சக்கரப் பெட்டி கூட்டி ஜெனரேட்டருக்குத் தருவதும் பள்ளிப் பிள்ளைகளும் அறிந்தவை. பலரும் மறப்பது, காற்றாலை மின்வாரியத்தின் லைனோடு கட்டுண்டது என்பதைத்தான். ஜெனரேட்டர் தரும் சில நூறு வோல்ட்டைக் கோபுரத்தடியில் உள்ள மின்மாற்றி 11,000 முதல் 33,000 வோல்ட் வரை உயர்த்தி லைனுக்கு அனுப்புகிறது. காற்று ஓய்ந்ததும் ஜெனரேட்டரின் இணைப்பு விடுபடுமே தவிர, மின்மாற்றியும் அதன் மேலுள்ள கம்பிகளும் லைனிலிருந்து மின்சாரம் பெற்றபடியேதான் இருக்கும். இறக்கைகளைக் காற்றின் முகத்துக்குத் திருப்பும் மோட்டாரே அந்த மின்சாரத்தில்தான் ஓடுகிறது. பழைய 250 கிலோவாட் இயந்திரங்களோ, ஆடிக்காற்று அடித்தாலும் லைன் போனால் நின்றுவிடும். நின்ற லைனை யாரும் உங்களிடம் சொல்லிவிட்டுத் திரும்பக் கொடுப்பதில்லை.

 

இவ்வளவு வோல்ட்டில் கம்பியைத் தொட வேண்டியதில்லை. நெருங்கினாலே மின்சாரம் பாயும். குட்டியின் உயரத்துக்குக் கம்பி எட்டாது, தூக்கிய தொரட்டிக்கு எட்டும். வேலியில் துணி காயப்போடாதீர்கள். மழைக்கும் இடிக்கும் கோபுரத்தடியில் ஒதுங்காதீர்கள். பழுதில் கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் எர்த் பட்டையை அறுத்து எடைக்குப் போடுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: பட்டை போன வளாகத்தில் பழுது ஏற்பட்டால், வேலியைத் தொடுகிற அடுத்த ஆள் உங்கள் ஊர்க்காரராகத்தான் இருப்பார். ஆடு உள்ளே போனால் தயவுசெய்து காவலாளியைக் கூப்பிடுங்கள். கம்பி அறுந்து கிடந்தால் விலகி நின்று மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணுக்குச் சொல்லுங்கள்.

அன்று லைனை நிறுத்தச் சொல்லி, சுவிட்சைத் திறந்து இணைப்பைத் துண்டித்து, கம்பிகளை மண்ணோடு இணைக்கும் எர்த் ராடு மாட்டி, குட்டியைத் தூக்கிக் கொடுக்க முக்கால் மணி நேரமாயிற்று. அதுவரை அது ஜல்லிக்கு நடுவே முளைத்திருந்த கொழுக்கட்டைப் புல்லை நிதானமாக மேய்ந்துகொண்டிருந்தது.